புது அரங்கம் பிடித்திருக்கிறதா? கருத்துப் படிவங்களை ஒப்பிடுவது பற்றிக் கேள்வி பதில்

எங்கள் ஊரில் நாடகக் குழுக்கள் கைக்காசு போட்டுக் கட்டிய சின்ன அரங்கம் திறந்து மூன்று மாதம் ஆகிறது. வந்தவர்களிடம் படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். மாணவர் சொல்வதையும் பெரியவர் சொல்வதையும் எப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று பலர் கேட்டதால் இந்தப் பதில்கள். பகலில் புள்ளியியல் பாடம் எடுப்பேன், சாயங்காலம் நாடகத்துக்கு விளக்குப் போடுவேன். இரண்டு வேலையும் சந்திக்கிற விஷயம் இது.

அரங்கக் குழுச் செயலாளர்: சார், 100 படிவம் திரும்பி வந்தது. 'மறுபடி வருவீர்களா?' என்பதற்கு 65 பேர் 'ஆம்'. மாணவர் 60 பேரில் 45, அறுபது வயது தாண்டிய 40 பேரில் 20. இந்த வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு பிரிவுக்கும் ஒரே மனசு என்று முதலில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 65 சதவீதம் 'ஆம்' என்றால், 60 மாணவரில் 39 பேரும் 40 பெரியவரில் 26 பேரும் 'ஆம்' சொல்லியிருக்க வேண்டும். 'இல்லை' பக்கம் 21, 14. வந்ததோ 45, 20, 15, 20. நான்கு கட்டத்திலும் வித்தியாசம் 6. அதன் வர்க்கம் 36. அதை 39, 26, 21, 14 ஆகியவற்றால் தனித்தனியே வகுத்துக் கூட்டினால் 6.59 வரும். கார்ல் பியர்சன் 1900-இல் கொடுத்த கை-வர்க்கச் (chi-square) சோதனை இதுதான். இப்படி இரண்டுக்கு இரண்டு அட்டவணைக்கு அளவுகோல் 3.84. அதைத் தாண்டினால், 5 சதவீத அளவில் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. உங்களுடையது நன்றாகவே தாண்டியிருக்கிறது. உண்மையில் இருவருக்கும் ஒரே மனசாக இருந்தால், இவ்வளவு இடைவெளி தானாக வருவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு முறைதான்.

ஆக, வித்தியாசம் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்குக் கீழே வருகிறேன்.

அதே குழுவின் பொருளாளர்: நன்கொடையாளர்களுக்கு ஒரே எண்தான் காட்ட வேண்டும். 65 சதவீதம் என்று போட்டுவிடலாமா?

போடாதீர்கள். உங்கள் படிவங்களில் 60 சதவீதம் மாணவர்கள். உங்கள் டிக்கெட் புத்தகத்தின்படி வழக்கமாக வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெரியவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் ஆர்வமாகப் படிவம் நிரப்பியதால் அவர்கள் குரல் பெருத்துக் கேட்கிறது. விகிதத்தைச் சரி செய்தால், மாணவரின் 75 சதவீதத்துக்கு 0.3 எடை, பெரியவரின் 50 சதவீதத்துக்கு 0.7 எடை. கூட்டினால் 57.5. இதைப் போடுங்கள், பக்கத்திலேயே 75, 50 இரண்டையும் போடுங்கள். பணம் கொடுத்தவர்களுக்கு அந்த இடைவெளி தெரிய வேண்டும்.

ஒலியமைப்பாளர், மதுரை: அண்ணே, 'வசனம் தெளிவாகக் கேட்கவில்லை' என்று பெரியவர்களில் பாதிப்பேர் எழுதியிருக்கிறார்கள். மாணவர்களில் 30 சதவீதம்தான். வயசானால் காது மந்தம், அரங்கத்தின் மேல் குற்றமில்லை என்கிறார்கள். சரியா?

தம்பி, நல்லவேளை கேட்டீர்கள். படிவத்தில் வரிசை எண்ணும் கேட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. நீங்கள் அனுப்பிய தாளை வயதோடு வரிசையும் சேர்த்துப் பிரித்தேன்.

பெரியவர் 40 பேரில் 30 பேர் பின்வரிசை. அதில் 18 பேருக்குக் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்த 10 பேரில் 2 பேருக்குத்தான் கேட்கவில்லை. மாணவர்களில் பின்வரிசை 15 பேர், அதில் 9 பேருக்குக் கேட்கவில்லை. முன்னால் 45 பேர், அதிலும் 9.

இப்போது சதவீதம் போடுங்கள். பின்னால் பெரியவருக்கும் 60, மாணவருக்கும் 60. முன்னால் இருவருக்கும் 20. வயசு காணாமலே போய்விட்டது! காதில் கோளாறு இல்லை, கோளாறு கடைசி நான்கு வரிசைக்கு மேலே ஓடும் ஏசி குழாயில் இருக்கிறது. பெரியவர்கள் ஏன் பின்னால் உட்கார்கிறார்கள்? கதவு பக்கம், படி இறங்க வேண்டாம், இடையில் எழுந்து போக வசதி. அவ்வளவுதான்.

இப்படி மொத்தத்தில் ஒன்று தெரிந்து, பிரித்தால் வேறொன்று தெரிவதற்குப் பேர்போன உதாரணம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். 1973-இல் பட்ட மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களை ஒதுக்கியதாகத் தெரியவில்லை. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

பெரியவர்களின் காதைக் குறை சொல்லி இந்தப் புகாரைக் கிடப்பில் போட்டிருந்தால், ரொம்ப வருத்தப்பட்டிருப்பேன். ஏசிக்காரரைக் கூப்பிடுங்கள்.

ஆய்வு மாணவி, திருச்சி: 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டோம். ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி எடுத்து ஒப்பிடலாமா சார்?

1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் இந்த வகை அளவுகோலைக் கொண்டுவந்ததிலிருந்து நடக்கிற விவாதம் இது. என் கருத்து: சராசரி மட்டும் போதாது. பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. ஐந்து பேர் 1, ஐந்து பேர் 5 போட்டாலும் சராசரி 3. முதல் அரங்கம் யாருக்கும் ஒட்டவில்லை, இரண்டாவது அரங்கத்தில் சண்டையே நடக்கிறது. முதலில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எத்தனை பேர் என்று பட்டை வரைந்து பாருங்கள். இன்னொன்று, 'சுமார்' என்பதற்கும் 'நன்று' என்பதற்கும் உள்ள தூரமும், 'நன்று' என்பதற்கும் 'மிக நன்று' என்பதற்கும் உள்ள தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி ஒப்பிடும் சோதனை பொருத்தம். இரண்டு பிரிவு என்றால் மான்-விட்னி, மூன்றோ அதற்கு மேலோ என்றால் குருஸ்கல்-வாலிஸ். இரண்டும் இலவச மென்பொருளிலேயே இருக்கின்றன.

நாடக ஆசிரியர்: கூத்துக் கலைஞர்கள் 8 பேரிடமும் படிவம் வாங்கினோம். 6 பேருக்கு மேடை பிடிக்கவில்லை. 75 சதவீதம் அதிருப்தி என்று எழுதலாமா?

எட்டுப் பேருக்குச் சதவீதம் வேண்டாம். '8 பேரில் 6 பேர்' என்று எழுதுங்கள், படிக்கிறவருக்கு அளவு தெரியும். இன்னொரு பிரிவோடு ஒப்பிடும் சோதனைதான் வேண்டும் என்றால், சின்ன எண்ணிக்கைக்கு ஃபிஷரின் துல்லியச் சோதனை இருக்கிறது. ரொனால்ட் ஃபிஷர் சொன்ன தேநீர்க் கதை தெரிந்திருக்கலாம். பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. எட்டுக் கோப்பையில் நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். ஊகத்தாலேயே எட்டையும் சரியாகப் பிரிக்க 70-இல் 1 வாய்ப்பு. சின்ன எண்ணிக்கையிலும் கணக்குப் போட முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் உங்களுக்குக் கணக்கு தேவையில்லை என்று நினைக்கிறேன். அந்த ஆறு பேரோடு மேடையில் ஏறி நில்லுங்கள். ஒருவர் சலங்கையோடு ஒரு கிறுக்கி (கூத்தில் சுழன்றாடும் அடவு) சுற்றட்டும், பலகை எங்கே வழுக்குகிறது, எங்கே அதிர்கிறது என்று அவர் கால் சொல்லும். பார்வையாளரோடு சேர்த்து இவர்களை எண்ணவே கூடாது. ஆடுகிறவர் அறிகிற அரங்கம் வேறு, பார்க்கிறவர் அறிகிற அரங்கம் வேறு. நியூயார்க்கில் 1962-இல் பில்ஹார்மோனிக் ஹால் என்ற இசை அரங்கம் திறந்தபோது, மேடையில் ஒருவர் வாசிப்பது இன்னொருவருக்குக் கேட்கவில்லை என்று வாத்தியக்காரர்களே குறைபட்டார்கள். 1976-இல் உள்ளே முழுவதையும் பெயர்த்துக் கட்டினார்கள். 2022-இல் மறுபடியும் மாற்றி, 2,738 இருக்கைகளை 2,200 ஆகக் குறைத்தார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை, இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

சபா உறுப்பினர்: பழைய மண்டபத்தில் இருந்தபோதும் இதே 50 உறுப்பினர்களிடம் 'திருப்தியா?' என்று கேட்டோம். இப்போது புது அரங்கத்துக்கும் கேட்டோம். இவற்றை இரண்டு பிரிவாக வைத்து ஒப்பிடலாமா?

கூடாது. ஒரே ஆள் இரண்டு தடவை சொன்ன பதில் இது. மாறாமல் இருந்தவர்களை ஒதுக்கிவிட்டு, மனசு மாறியவர்களை மட்டும் எண்ணுங்கள். உங்கள் தாளில் 14 பேர் அதிருப்தியிலிருந்து திருப்திக்கு வந்திருக்கிறார்கள், 4 பேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறார்கள். வித்தியாசம் 10, வர்க்கம் 100, அதை 18-ஆல் வகுத்தால் 5.56. இங்கும் அளவுகோல் 3.84. மெக்னிமார் சோதனை என்று பெயர். முன்னேற்றம் நிஜம்தான். அப்புறம், அந்த 4 பேர் யார் என்று பாருங்கள். பழைய மண்டபம் பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே இருந்தது அல்லவா?

ஒரு வாசகர்: 20 கேள்வி கேட்டோம். ஒன்றில் மட்டும் ஆண் பெண் வித்தியாசம் வந்தது.

வித்தியாசமே இல்லாவிட்டாலும், 5 சதவீத அளவில் இருபது தடவை சோதித்தால் சராசரியாக ஒன்று தற்செயலாகவே தாண்டும். அந்தக் கேள்வியை அடுத்த மாதம் இன்னொரு தடவை கேளுங்கள். இடைவேளையில் கழிப்பறை வரிசை பற்றிய கேள்வி அது என்றால் காத்திருக்கவே வேண்டாம், பெண்கள் பக்கம் போய் நின்று பாருங்கள்.

தன்னார்வலர்: எல்லோரும் 'ரொம்ப நல்லா இருந்துச்சு' என்றுதான் போடுகிறார்கள். நம்பலாமா சார்?

நீங்கள் பேனாவோடு எதிரே நின்றுகொண்டிருந்தால், நம்ம ஊரில் யார் முகத்துக்கு நேரே குறை சொல்வார்கள்? படிவத்தை இருக்கையிலேயே வைத்துவிடுங்கள், வாசலில் பூட்டுப் போட்ட பெட்டி வையுங்கள், பெயர் கேட்காதீர்கள்.

அதைவிடப் பெரிய கவலை, படிவமே கொடுக்காமல் போனவர்கள். கடைசிப் பேருந்துக்கு ஓடினவர்களின் கருத்து உங்கள் பெட்டியில் இல்லை. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதை வைத்து ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் பட்டியலில் அதிகம், அவர்களிலும் பதில் போட்டவர்கள் மற்றவர்களைப் போன்றவர்கள் அல்ல. ஒரு வாரமாவது இடைவேளையிலேயே படிவத்தை வாங்கிப் பாருங்கள்.

செயலாளர், மறுபடியும்: ஒரே ஒரு படிவத்தில், 'சாய்தளம் இருக்கிறது, உள்ளே வந்தபின் சக்கர நாற்காலி நிறுத்த இடமில்லை, நடைபாதையில்தான் இருந்தேன்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கருத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பது?

எந்தப் பிரிவிலும் சேர்க்க வேண்டாம், எந்தச் சோதனையும் வேண்டாம். கதவுப் பக்கத்து ஓர நாற்காலிகள் இரண்டைக் கழற்ற நான்கு போல்ட்தான். அடுத்த காட்சிக்கு முன் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் துணைக்கு வருகிறவருக்கு ஒரு நாற்காலி இருக்கட்டும். இடம் தயார் என்று வாசல் பலகையில் எழுதி வையுங்கள், அவர் கண்ணில் படும்.