புளிக்க வைத்த காய்கறிகளால் நோய் வருமா?

உப்பிட்டுப் புளிக்க வைத்த காய்கறிகளில் தீங்கு செய்யும் பாக்டீரியாக்கள் வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாகப் புளித்தவற்றில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆபத்து பெரும்பாலும் புளிப்பு ஏறுவதற்கு முந்தைய சில நாட்களில்தான் இருக்கிறது. காயின் எடையில் 2 முதல் 3 விழுக்காடு உப்புச் சேர்த்து, அது முழுவதும் உப்புநீரில் மூழ்கியிருக்குமாறு வைத்தால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் காயிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை (இது குறையக் குறைய அமிலம் கூடுதல்) 4.6-க்குக் கீழே இறக்கிவிடுகின்றன. அதன்பின் போட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர இயலாது.

ஆனால் வளராமல் இருப்பது வேறு, அழிந்துபோவது வேறு. குடலைத் தாக்கும் ஈ.கோலை பாக்டீரியாவின் ஓ157 வகை அமிலத்திலும் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும். பலரும் நம்புவதற்கு மாறாக, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அது இன்னும் கூடுதலான நாட்கள் உயிரோடிருக்கும். 2012-இல் ஜப்பானின் ஹொக்கைடோவில், உப்பில் சிறிது நேரமே ஊறிய முட்டைக்கோஸ் வகையை உண்டவர்களிடையே இத்தொற்று பரவி 8 பேர் இறந்தனர். போதிய அமிலம் உருவாக அங்கே அவகாசமே இருக்கவில்லை.

ஆகவே காய்களை நன்கு கழுவுங்கள், உப்பைக் கண்ணளவில் போடாமல் எடைபோட்டுச் சேருங்கள், உண்பதற்கு முன் பிஎச் தாளால் சோதியுங்கள்; மணத்தையும் சுவையையும் மட்டும் நம்புவது சரியன்று. மேலே படரும் மெல்லிய வெண்ணிற ஈஸ்ட் படலத்தால் பொதுவாகத் தீங்கில்லை. பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோன்ற பூஞ்சை தென்பட்டால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.