புவெனஸ் ஐரிஸ்: ‘சிட்டி சென்டர்’ என்றதும் பணம் கட்டிவிடாதீர்கள்

கேள்வி: ஜனவரியில் நானும் கணவரும் 71 வயது மாமியாரும் அர்ஜென்டினா போகிறோம். புவெனஸ் ஐரிஸில் ஐந்து இரவு தங்கிவிட்டு, உள்நாட்டு விமானத்தில் இகுவாசு அருவிக்குப் போவதாகத் திட்டம். ஒபெலிஸ்க் தூணுக்குப் பக்கத்தில் ‘சிட்டி சென்டர்’ ஹோட்டல் போடலாம் என்கிறார் ஏஜென்ட். பலெர்மோவில் அப்பார்ட்மென்ட் எடுத்தால் பாதி விலைதான் என்கிறாள் தோழி. எது பாதுகாப்பு?

பதில்: இரண்டையும் ஓரமாக வையுங்கள். உங்கள் மூவருக்கும் ஏற்ற பகுதி ரெகோலெட்டா. அதிலும் சாந்தா ஃபே அவென்யூவை ஒட்டி இடம் பாருங்கள். இரவு பத்து மணிக்கும் அங்கே கடை வெளிச்சம் இருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். அந்த ஊரில் சாப்பாட்டுக் கடைகள் களைகட்டுவதே ஒன்பது மணிக்கு மேல்தான். சாப்பிட்டுவிட்டு மாமியாரைக் கைபிடித்து நடந்தே அறைக்குத் திரும்ப முடிகிறதா என்பதுதான் பாதுகாப்புக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்.

ஏஜென்ட் சொல்லும் ‘சென்டர்’ என்பது மிக்ரோசென்ட்ரோ. வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த இடம். பகலில் ஜே ஜே என்று இருக்கும். மாலை ஏழு, எட்டு மணிக்கு ஷட்டர்கள் இறங்கினால் பல தெருக்கள் வெறிச்சோடிவிடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். புளோரிடா தெருவில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் “காம்பியோ, காம்பியோ” என்று டாலர் மாற்றக் கூப்பிடுவார். அவர் பின்னால் மாடிப்படி ஏறாதீர்கள். முன்பதிவுத் தளங்களின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ‘மையத்திலிருந்து அரை கிலோமீட்டர்’ என்று அவர்கள் பெருமையாகப் போடும் அந்த மையம், இரவில் நீங்கள் இருக்க விரும்பாத இடம். எத்தனை வருடமாகச் சொல்கிறோம், மாற்ற மாட்டேன் என்கிறார்கள்.

பலெர்மோ நல்ல பகுதிதான், ஆனால் இளவட்டங்களுக்கு; வார இறுதியில் விடியும்வரை சத்தம். தவிர, ஊரின் 48 பாரியோக்களில், அதாவது பேட்டைகளில், பரப்பளவில் மிகப் பெரியது அதுதான். பெயருக்கு மதிப்பு இருப்பதால் புரோக்கர்கள் பக்கத்துப் பேட்டையையும் அதில் சேர்த்துவிடுவார்கள். வில்லா க்ரெஸ்போவையே ‘பலெர்மோ குயின்ஸ்’ என்று விற்றவர்கள் அவர்கள்.

அதனால் பேட்டைப் பெயரை விட்டுவிட்டுக் கதவு எண்ணைக் கேளுங்கள். அந்த ஊரில் ஒரு தெருச் சதுரத்துக்கு, அதாவது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெருவரை, நூறு எண்கள். சாந்தா ஃபே 1860 என்றால், 1919இல் நாடக அரங்காகக் கட்டி இப்போது புத்தகக் கடையாக இருக்கும் எல் அதெனியோ. அங்கிருந்து 2300ஆம் எண் நாலைந்து சதுரம் தள்ளி. உங்களுக்கு 1800க்கும் 2400க்கும் இடையில், அல்லது அதிலிருந்து இரண்டு மூன்று சதுரத்துக்குள் அமைந்தால் நல்லது. ‘சாந்தா ஃபே அவென்யூ’ என்று மட்டும் சொல்லி எண்ணைச் சொல்லாதவர் எதையோ மறைக்கிறார்.

இகுவாசு விமானம் பெரும்பாலும் ஆற்றங்கரையில் இருக்கும் ஏரோபார்க்கே விமான நிலையத்திலிருந்துதான் கிளம்பும். ரெகோலெட்டாவிலிருந்து அது பக்கம். நீங்கள் வந்திறங்கும் எசெய்சா விமான நிலையம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். வெளியே வந்ததும் “டாக்ஸி, டாக்ஸி” என்று பெட்டியில் கை வைப்பவரிடம் பேச்சே வேண்டாம். உள்ளேயே கவுன்ட்டரில் பணம் கட்டி ‘ரெமிஸ்’ என்ற வாடகைக் காரை எடுங்கள்.

அப்பார்ட்மென்ட் விஷயத்துக்கு வருகிறேன். ‘முன்பதிவுத் தளத்துக்கு வெளியே டாலராகக் கொடுத்தால் குறைத்துத் தருகிறேன்’ என்று யாராவது எழுதினால் அந்த உரையாடலை அங்கேயே முடியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி முன்பணம் அனுப்பிவிட்டுப் பெட்டிகளோடு வாசலில் நின்றது. மணியடித்தால் திறக்க ஆளில்லை. நேர்மையான வீட்டுக்காரர் கிடைத்தாலும் சாவி பெரிய தலைவலி. பல கட்டடங்களில் தெருக்கதவைத் திறக்க உள்ளிருந்தும் சாவி வேண்டும். ஒரே சாவிக்கொத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு வெளியே போனால் மாமியார் கீழே இறங்கி வந்தாலும் தெருவுக்கு வர முடியாது. பழைய லிஃப்டில் இரும்புக் கம்பிக் கதவு இரண்டு இருக்கும். இரண்டையும் கையால் இழுத்து மூடினால்தான் நகரும். ஜனவரி அங்கே கடும் கோடை. வெயில் உச்சத்தில் கரன்ட் போனால் எட்டாம் மாடி என்ன ஆகும்? உங்களுக்கு ஹோட்டல்தான் சரி.

ஹோட்டலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பலர் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். அறை வாடகை மீது ‘இவா’ என்ற வரி 21 சதவீதம். 2017 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது கிடையாது. ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வழங்கிய கார்டிலோ வெளிநாட்டு வங்கியிலிருந்தோ கட்ட வேண்டும். நம்மூர் கார்டு போதும். ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை போயிற்று, டாலராகக் கொடுத்தாலும்தான். அறையோடு சேர்ந்த காலை உணவுக்கும் விலக்கு உண்டு. இரவு உணவுக்கும் சலவைக்கும் இல்லை. நூறு டாலர் அறை ரொக்கத்தில் 121 ஆகிவிடும். இரண்டு அறை, ஐந்து இரவு என்றால் 210 டாலர் வித்தியாசம். சட்டமே கொடுத்த விலக்கு, ஆனாலும் நாம் வாய்விட்டுக் கேட்டால்தான் சில வரவேற்பு மேசைகளில் கிடைக்கிறது. பாமரப் பயணிக்கு இது எப்படித் தெரியும்? பில்லில் ‘டி’ (T) வகை ரசீது, ஃபக்தூரா டி, என்று கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வழியாகப் போனால் அவர் சொல்லும் விலையில் அந்த 21 கழிந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அவரை விட்டு நேரடியாக ஹோட்டலுக்கே எழுதுங்கள்.

எழுதும்போது மூன்று விஷயம் போதும்: கீழ்த் தளங்களில் அறை, ஏசி உறுதி, ‘கொன்த்ரஃப்ரென்டே’, அதாவது பின்பக்கம் பார்த்த அறை. முன்பக்க அறையில் பஸ்கள் கியர் மாற்றும் சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்கும்.

மாமியாருக்கு நல்ல பிடிமானமுள்ள, மூடிய காலணி எடுத்து வையுங்கள். நடைபாதைக் கற்கள் பல இடங்களில் பெயர்ந்து ஆடும். மழை பெய்த மறுநாள் ஒரு கல்லில் கால் வைத்தால் அடியிலிருக்கும் அழுக்குத் தண்ணீர் முழங்கால்வரை பீய்ச்சியடிக்கும். அந்த நேரம் பார்த்து ‘சட்டையில் கறை’ என்று துடைக்க வரும் அந்நியரைக் கிட்டே விடாதீர்கள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நேராக ஒரு கடைக்குள் போய்த் துடைத்துக்கொள்ளுங்கள்.