வாய் தடுக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மதுரையில் இரண்டு நாள் கவிதைப் பட்டறை. காலையில் எழுத்து, மாலையில் மேடை வாசிப்பு. கட்டணம் 3,000 ரூபாய். கவிதையைக் கற்றுத்தர முடியாது என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மேடை என்றாலே கை நடுங்கும். புதுக்கவிதை எழுதுகிறவனுக்கு வாசிப்புப் பயிற்சி எதற்கு? போகலாமா? என் கவிதை ஒன்றை இணைத்திருக்கிறேன்.

செ.

அன்புள்ள செ.,

பணம் கட்டுப்படியாகுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கற்றுத்தர முடியுமா முடியாதா என்ற பழைய பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் எழுதுகிறவனுக்கு வாசிப்பு எதற்கு என்று கேட்டீர்களே, எப்படி மனம் வந்தது? ஒரு வாரமாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் இலக்கணக்காரர்கள் ஒவ்வொரு பாவுக்கும் ஓர் ஓசை சொல்லி வைத்தார்கள்: வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். மயில் அகவுகிறது என்கிறோமே, அதே அகவல்தான். புதுக்கவிதைக்காக யாப்பை, அந்தப் பழைய செய்யுள் கட்டை, இறக்கி வைத்ததில் எனக்கு வருத்தமே இல்லை, ஆனால் அதோடு சேர்த்துக் காதையும் கழற்றி வைத்துவிட்டோம்.

இருபத்து மூன்று வயதில் தென்காசிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் நடந்த பட்டறைக்குப் போனேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதிய கவிதை கையில் இருந்தது. மூத்த கவிஞர் ஒருவர் வாசிக்கச் சொன்னார். ஏழாவது வரியில் வாய் தடுக்கியது. பதற்றம் என்று நினைத்து மறுபடி வாசித்தேன், அதே இடம். மூன்றாம் தடவையும் அங்கேயேதான். அவர் தாளை வாங்கி, பென்சிலால் அந்த வரியின் கீழே கோடு போட்டு, “தம்பி, இது எங்கேயோ படிச்சது. உன் வாய்க்குத் தெரியுது” என்றார். ‘வெண்ணிற மௌனம்’ என்று எழுதியிருந்தேன். தர்மாஸ்பத்திரி வராந்தாவில் மௌனம் ஏது? ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கும், பக்கத்துக் கட்டிலில் யாராவது தண்ணீர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்று ராத்திரி அதை அடித்துவிட்டு, டம்ளரைத் தேடி அம்மாவின் கை ஸ்டூலைத் தடவியதை எழுதினேன். மறுநாள் தடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எழுத்து காலையில், வாசிப்பு மாலையில் என்று பிரித்து வைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம், கவியரங்க மேடையில் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொல்லிக் கைதட்டலுக்குக் காத்து நிற்கிறார்களே, அதைக் கற்றுக்கொடுக்கும் பட்டறை என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். வெற்று வரியைக் குரலால் முட்டுக்கொடுத்து நிறுத்தும் வேலை அது. 1980களில் சிகாகோவில் மார்க் ஸ்மித் என்ற கட்டடத் தொழிலாளி மதுக்கூடத்தில் கவிதைப் போட்டி தொடங்கினார். கூட்டத்திலிருந்தே நாலைந்து பேரைப் பிடித்து மதிப்பெண் போட வைத்தார்கள். மதிப்பெண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நம்மை யாரென்றே தெரியாத ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார் பாருங்கள், அது வேண்டும். நண்பர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

கை நடுங்கினால் நடுங்கட்டும், தம்பி. எனக்கு இன்றும் நடுங்குகிறது. தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள், வெளியே தெரியாது. செல்போனைப் பார்த்து மட்டும் வாசிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இன்னொரு பிரதியும் பென்சிலும் கொடுத்து, தடுக்கும் இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய கவிதையின் நான்காவது வரியை இப்போதே எழுந்து நின்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நான் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.