மரியோ மியூசிக் ஏன் இப்ப வேகமா ஓடுது? – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு ஊர் திருநெல்வேலி பக்கம். 90கள்ல எங்க வீட்ல டிவி வீடியோ கேம் இருந்துச்சு, 9999 இன் 1னு போட்ட மஞ்சள் கேசட், துப்பாக்கி எல்லாம் சேத்து. முதல் கண்ட்ரோலர் எப்பவும் அண்ணனுக்கு, ரெண்டாவது எனக்கு. போன மாசம் பையனுக்குக் காட்டலாம்னு லேப்டாப்ல பழைய கேம் ஓட்டுற எமுலேட்டர் சாஃப்ட்வேர் போட்டு மரியோ ஓட்டுனேன். மியூசிக் தலைதெறிக்க ஓடுது சார். நாங்க ஆடுனது இந்த வேகமே கிடையாது. அண்ணன்கிட்ட சொன்னா "எல்லாம் உன் நினைப்பு, வயசாயிட்டு"ங்கான். ஆனா படத்துலயும் எனக்கு இதே மாதிரி ஒண்ணு நடக்கு. சின்ன வயசுல வீடியோ கேசட்ல தேயத் தேயப் பாத்த படத்த இப்ப ஓடிடில பாத்தா பாட்டு எல்லாம் கொஞ்சம் எறங்கி, சோர்ந்து போயி கேக்கு. நினைப்புதான் பொழப்பக் கெடுக்கும்னு சொல்லுவாங்களே, அதானா இது? செட்டு, துப்பாக்கி, கேசட் எல்லாம் இன்னும் பரண்ல கெடக்கு. வச்சிருக்கவா, தூக்கிப் போடவா?

– எம்.

அன்புள்ள எம்.,

உங்க அண்ணன்கிட்ட முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க, நீங்க சொல்றதுதான் சரி, அதுவும் கேம், படம் ரெண்டுலயும் சரி. பழசப் பத்தி யாராவது பேச ஆரம்பிச்சாலே "அதெல்லாம் சும்மா நாஸ்டால்ஜியா"ன்னு வாயடைக்கிற பழக்கம் ஒண்ணு இருக்கு, எனக்கு அது சுத்தமாப் பிடிக்காது. காதுல கேட்டத ஒருத்தர் இவ்ளோ துல்லியமா சொல்றாங்கன்னா அத என்னன்னு பாக்கணும்ல.

கேம்ல இருந்து வர்றேன். நிண்டெண்டோ ஜப்பான்ல 1983ல ஃபேமிகாம்னு ஒரு மெஷின் விட்டாங்க, நம்ம வீட்ல இருந்ததெல்லாம் அதோட காப்பி. ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் அப்ப டிவி நொடிக்கு 60 தடவை ஸ்கிரீன வரையும், பிஏஎல்ங்கற முறைல ஓடுற நம்ம ஊரு டிவி 50 தடவை. மெஷினோட சிப்ப காப்பி அடிச்ச கம்பெனிகள்ல தைவான் யூஎம்சி ஒண்ணு, அவங்க 50ல ஓடுற டிவிக்குன்னே தனியா ஒரு ஜோடி சிப்பு பண்ணாங்க. அதுல ப்ராசஸரோட வேகம் கிட்டத்தட்ட ஒரிஜினல் அளவுதான், ஆனா ஸ்கிரீன் மட்டும் நொடிக்கு 50. இப்ப மரியோ மாதிரி கேம்ல மியூசிக் எப்படி ஓடுதுன்னா, ஸ்கிரீன் ஒவ்வொரு தடவை வரையும்போதும் ஒரு அடி முன்னாடி போகும், மரியோ நடக்குறதும் அப்படித்தான், ஆமை வர்றதும் அப்படித்தான், எல்லாமே ஸ்கிரீன எண்ணித்தான். அதனால 60ல ஒரு நிமிஷத்துல முடியுறது 50ல 72 செகண்ட் ஆகும். ஆனா ஒவ்வொரு ஸ்வரமும் எவ்ளோ உசரத்துல கேக்கணும்னு முடிவு பண்றது ப்ராசஸர் வேகம், அது பெருசா மாறல. சுருதி அப்படியே நிக்குது, காலப்பிரமாணம் மட்டும் எறங்கிடுச்சு. அதே பாட்டு, அதே கட்டை, நிதானமா. டேப் இழுக்குற மாதிரி கொழகொழன்னு கேட்டிருந்தா நமக்கே அப்ப சந்தேகம் வந்திருக்கும், இது அப்படி இல்லாததால நாம யாருமே கவனிக்கல, இதுதான் மரியோன்னு மனசுல பதிஞ்சிடுச்சு.

அந்தக் காலத்துல வந்த செட்டு எல்லாமே இப்படின்னு சொல்ல மாட்டேன், 60லயே ஓடுன செட்டும் வந்துச்சு. உங்க செட்டு பரண்ல இருக்குன்னு சொல்றீங்க, அப்ப நீங்களே பாத்துடலாம். மரியோ முதல் லெவல்ல மேல டைம்னு 400 இருக்கும்ல, அது 24 ஸ்கிரீனுக்கு ஒண்ணு குறையும். மரியோவ ஓரமா நிறுத்தி வச்சுட்டு ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விடுங்க, 400ல இருந்து 300க்கு வர 40 செகண்ட் ஆனா உங்க செட்டு 60, 48 செகண்ட் ஆனா 50. நீங்க எழுதியிருக்கறத வச்சுப் பாத்தா 48தான் வரும்னு நினைக்கிறேன். அடாப்டர் செத்திருந்தா கைல கிடைச்சத மாட்டிடாதீங்க, வோல்டேஜும் பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம்னும் பாத்துட்டு மாட்டுங்க.

செட்டு உசுரோட இல்லன்னாலும் வழி இருக்கு. எமுலேட்டர்ல ரீஜியன்னு ஒரு செட்டிங் இருக்கும், மீசன், எஃப்சிஇயூஎக்ஸ்னு ரெண்டு எமுலேட்டர் இருக்கு, ரெண்டுலயும் அதுல டெண்டின்னு ஒரு ஆப்ஷன் வரும், அத செலக்ட் பண்ணிட்டு மரியோவ ஓட்டிப் பாருங்க. டெண்டிங்கறது 1992 கடைசில ரஷ்யாவுல வித்த இதே மாதிரி ஒரு காப்பி செட்டு, அங்க ஒரு தலைமுறையே அதுலதான் ஆடி வளந்துச்சு, அவங்க இந்த 50 கணக்க உக்காந்து அலசி எழுதி வச்சதால எமுலேட்டர் வரைக்கும் அந்தப் பேர் போயிடுச்சு. நம்ம ஊர்ல அட்டைப்பெட்டில ஆளாளுக்கு ஒரு பேர் போட்டு வித்தாங்க, யாரும் எதையும் எழுதி வைக்கல. ரஷ்யாக்காரங்க வச்ச பேருக்குப் பின்னாடிதான் நம்ம மரியோவும் இருக்கு. முதல் தடவை அந்த ஆப்ஷன மாத்திட்டுக் கேட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, உங்களுக்கும் அப்படி ஆனா அண்ணன் முன்னாடி மறைக்க வேணாம்.

ரெண்டாவது கண்ட்ரோலர்னு எழுதியிருந்தீங்க. ஃபேமிகாம்லயே ரெண்டாவது கண்ட்ரோலர்ல ஸ்டார்ட், செலக்ட் பட்டன் கிடையாது, காப்பி செட்டு நெறையவும் அப்படியேதான் வந்துச்சு. கேம ஆரம்பிக்கிறதும் பாஸ் பண்றதும் எந்த வீட்லயும் அண்ணன் கைலதான். ரெண்டு பேர் சேந்து சுட்டுக்கிட்டே போற கன்ட்ரா கேம்ல மூணாவது ஸ்டேஜ் நீர்வீழ்ச்சி ஞாபகம் இருக்கா? முன்னாடி தாவி ஏறுறவங்க ஸ்கிரீனையும் கூடவே மேல இழுத்துட்டுப் போயிடுவாங்க, கீழ நிக்கிறவங்க ஒரு குண்டும் படாமலே செத்துடுவாங்க. தங்கச்சிங்க எத்தனை பேர் அங்க அநியாயமா லைஃப் விட்டிருப்பாங்க!

இப்ப படத்துக்கு வரேன், இங்க கணக்கு அப்படியே தலைகீழ். தியேட்டர்ல படம் நொடிக்கு 24 ஃப்ரேம். நம்ம டிவி 50ல பாதி, அதாவது 25 ஃப்ரேம். அமெரிக்கால 60க்குள்ள 24ஐ அடைக்க ஒரு ஃப்ரேம ரெண்டு தடவை, அடுத்த ஃப்ரேம மூணு தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டுனாங்க, அதனால படத்தோட நீளம் மாறல. பிஏஎல் நாடுகள்ல அந்த வேலையே வேணாம்னு பிலிம் ரோல 25லயே ஓட்டி டேப்ல ஏத்திட்டாங்க. 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சிடும். யாரும் படத்த வெட்டல, மொத்தப் படமும் 4 சதவீதம் வேகமா ஓடுது, அவ்ளோதான். கூடவே சத்தமும் 4 சதவீதம் ஏறும், அது அரைக்கட்டைக்குக் கொஞ்சம் கம்மி. வசனத்துல அது தெரியாது, பாட்டுல தெரியும். எங்க ஊர் மெல்லிசைக் குழுல கீபோர்ட் வாசிச்ச அண்ணன் ஒருத்தர் டிவில பாட்டு வந்தா கீபோர்டே தொட மாட்டார், "இது ஆடியோ கேசட்டோட சேரல, ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது"ம்பார். அவரு சொன்னது இதத்தான்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுது. இப்ப ஓடிடில பெரும்பாலும் 24லயே போடுறாங்க, அதான் உங்க காதுக்கு எறங்கிக் கேக்குது. கம்ப்யூட்டர்ல படம் ஓட்டுற விஎல்சி ப்ளேயர்ல ஆடியோ செட்டிங்ல டைம் ஸ்ட்ரெச்சிங்க எடுத்துட்டு, வேகத்த 1.04ன்னு வச்சு ஓட்டுனா நீங்க கேட்ட பாட்டு வந்துடும்.

கேசட்ல எல்லாமே நல்லாருந்துச்சுன்னு சொல்ல வரல. தமிழ்ல 1973ல ராஜராஜ சோழன்ல இருந்து சினிமாஸ்கோப் வந்தாச்சு, அந்த அகலப் படத்த டிவி சதுரம் முழுக்க நெறைக்கணும்னு ரெண்டு பக்கமும் வெட்டும்போது நாப்பது சதவீதத்துக்கு மேல போயிடும், வசனம் பேசுறவர் மூக்கு மட்டும் ஓரத்துல தெரியும். அந்தக் காட்சியெல்லாம் முழுசாப் பாக்க வழி வந்ததுக்கு நான் சந்தோஷப்படுறேன், அதுல ஏக்கமே கிடையாது. ஆனா நாம பாத்த வடிவமும் எங்கயாவது இருக்கணும், இது வேற, அது வேற. முதல் தமிழ் பேசும் படம் காளிதாஸ், 1931ல வந்தது, இன்னைக்கு ஒரு பிரிண்ட் கிடையாது. அமெரிக்கால வந்த பழைய கேம்கள்ல 87 சதவீதம் இப்ப கடைல காசு குடுத்து வாங்கவே வழி இல்லன்னு 2023ல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் சொல்லுச்சு. ஒழுங்கா கணக்கு வச்ச நாட்டுலயே அப்படின்னா நம்ம மஞ்சள் கேசட்டுக்கு யாரு இருக்கா?

அதனால எதையும் தூக்கிப் போடாதீங்க. துப்பாக்கி மட்டும் பழைய டியூப் டிவி இருந்தாத்தான் வேலை செய்யும். வாத்து சுடுற கேம்ல நீங்க சுடும்போது ஸ்கிரீன் ஒரு கணம் கருப்பாகி, வாத்து இருந்த இடத்துல மட்டும் வெள்ளையா ஒரு கட்டம் வரும், அந்த வெளிச்சம் அதே நேரத்துல துப்பாக்கிக்குத் தெரியணும். எல்சிடில அது தாமதமா வர்றதால எத்தனை தடவை சுட்டாலும் வாத்து விழாது. துப்பாக்கி ரிப்பேர்னு நெனச்சுக் கழட்டிடாதீங்க.

வீடியோ கேசட்ட ப்ளேயர்ல போடுறதுக்கு முன்னாடி மூடிய தெறந்து டேப்ல வெள்ளையா பூஞ்சை இருக்கான்னு பாருங்க, இருந்தா போடவே போடாதீங்க, ஹெட்டுல ஒட்டிக்கிட்டு மத்த கேசட்டுக்கும் பரவும். விசிஆர் கடைசியா பண்ணிட்டு இருந்த ஃபுனாய் கம்பெனியே 2016ல நிறுத்திட்டாங்க, ப்ளேயர் கெட்டா புதுசு கிடையாது. டிஜிட்டலா மாத்தக் குடுத்தீங்கன்னா 25 ஃப்ரேம்லயே வேணும்னு எழுதிக் குடுங்க, ஸ்பீட சரி பண்ணித் தர்றேன்னு கடைல சொன்னா வேணாம்னுடுங்க.