போகிற வழியில் இருக்கிற ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தினமும் 7 கிலோமீட்டர் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு சேர்ந்து விடியற்காலையில் நீண்ட தூரம் ஓட்டுகிறேன். ஊரைச் சுற்றிப் பார்க்கும் ஆசையில்தான் அதில் சேர்ந்தேன். ஆனால் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தவிர வேறு எதையும் பார்த்த நினைவில்லை. வேலைக்குப் போய்வரும்போதே ஊரைப் பார்த்துவிடலாமே என்றால், "அது வெறும் போக்குவரத்து, ஊர் சுற்றுவது வேறு" என்கிறார் நண்பர். தினமும் போகிற ஒரே வழியில் பார்க்க அப்படி என்ன இருந்துவிடும் என்று எனக்கும் தோன்றுகிறது. இதற்கென்று கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேலைக்கும் கடைக்கும் நூலகத்துக்கும் போய்வருகிற சைக்கிளில்தான் ஊர் பிடிபடும் என்பது என் கட்சி. ஞாயிறு ஓட்டத்தைக் குறை சொல்லவில்லை. உடம்புக்கு நல்லது, நாலு பேரோடு போவதில் சந்தோஷமும் இருக்கிறது. ஆனால் குழுவாக ஒட்டி ஓட்டுவதே முன்னால் இருப்பவர் காற்றைக் கிழித்துத் தருவார் என்பதற்காக. அங்கே அவருடைய சக்கரத்திலிருந்து கண்ணை எடுத்தால் விழ வேண்டியதுதான். அப்புறம், காலியான சாலை தேடி விடியும் முன்பே ஊருக்கு வெளியே போய்விடுவீர்கள். ஊரைப் பார்க்க ஊருக்குள் இருக்க வேண்டாமா?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர், அவசரமில்லாமல் மிதித்தால் 15. அரை மணி நேரத்தில் நடந்து எட்டக்கூடியது வீட்டைச் சுற்றி 2.5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம், அதாவது சுமார் 20 சதுர கிலோமீட்டர். சைக்கிளில் ஆரம் 7.5. பரப்பு 20-லிருந்து 177-க்குப் போய்விடுகிறது. வேகம் மூன்று மடங்கு, கைக்கெட்டும் ஊர் ஒன்பது மடங்கு. தெருக்களின் வளைவு நெளிவுக்காக நிறையவே கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் பெரிய பரப்புதான். உங்கள் 7 கிலோமீட்டர் அந்தப் பெரிய சக்கரத்தில் ஒரே ஒரு ஆரக்கால். காரில் போனால் வட்டம் இன்னும் விரியும், சரி. ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 11 மீட்டர் ஓடிப்போகிறது. ஏதோ கண்ணில் பட்டது என்று உறைப்பதற்குள் அது பின்னால் போயிருக்கும். சைக்கிளில் நொடிக்கு 4 மீட்டர், காலை ஊன்றினால் நின்றாயிற்று.

காலையில் எதையும் மாற்றாதீர்கள், கடிகாரம் விரட்டும். திரும்பும்போது ஒரே ஒரு திருப்பத்தை மாற்றுங்கள். பெரிய சாலைக்கு இணையாக ஓடும் அடுத்த தெருவில் வாருங்கள். இன்னொரு நாள் அதற்கும் அடுத்த தெரு. கார்க்காரருக்கு முட்டுச்சந்தாக இருப்பது உங்களுக்கும் அப்படியே இருக்க வேண்டியதில்லை. கடைசியில் ஆள் நுழைகிற இடைவெளி இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடலாம். இல்லாவிட்டால் திரும்பி வர இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். களைப்பாக இருக்கிற நாளில் பழைய வழியிலேயே வீட்டுக்குப் போங்கள். இதை ஒரு விரதமாக ஆக்கிக்கொள்ளத் தேவையில்லை.

எந்த ஊருக்குள்ளும் முதலில் தேடவேண்டியவை அதன் தடைகள் என்று நினைக்கிறேன். ரயில் பாதை, ஆறு, வாய்க்கால், நெடுஞ்சாலை. இவற்றைக் கடக்கச் சில இடங்கள்தான் இருக்கும், சுற்றுவட்டாரத்துத் தெருக்கள் எல்லாம் அந்தச் சில இடங்களை நோக்கியே வளைந்து வரும். நீங்கள் தினமும் நெரிசலில் நிற்கிற சந்திப்பு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கான விடை பெரும்பாலும் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பாலத்தில் கிடைக்கும். ரயில் பாதையை ஒட்டியே மிதித்துப் போய், எங்கெல்லாம் சுரங்கப்பாதை, எங்கெல்லாம் நடைமேம்பாலம் என்று பார்த்து வையுங்கள். நேர்நேரான தெருக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் காரணமில்லாமல் நெளிந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே ஒரு காலத்தில் ஓடையோ, கைவிடப்பட்ட ரயில் பாதையோ, ஊர் பெருகுவதற்கு முந்தைய வண்டித்தடமோ இருந்திருக்கலாம். பழைய வரைபடம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

மேடு பள்ளமும் அப்படித்தான். 100 மீட்டருக்கு 2 மீட்டர் ஏறுகிற சாலை காரில் போகிறவருக்குச் சமதளம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டால், 15 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஏற்றத்துக்காக மட்டும் சுமார் 65 வாட் கூடுதலாக மிதிக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து சமதளத்தில் போக மொத்தமே ஏறக்குறைய 50 வாட்தான். ஆகவே ஊரின் எந்தப் பகுதி உயரம், எது பள்ளம் என்று கால் உடனே சொல்லிவிடும். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், எங்கே போய் நிற்கும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. எதிர்காற்றை மட்டும் ஏற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். போகும்போதும் கனத்து, வரும்போதும் கனத்தால் டயரில் காற்று இல்லை என்று பொருள்.

ஒரே வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஒருமுறை வந்து போகிறவருக்குக் கிடைக்காதது எல்லாம் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் மாலையில் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், அதைக் குறுக்கே வெட்டுகிற தெருவுக்குக் கட்டடங்கள் அப்போது நிழல் விரித்திருக்கும். இடிக்கப்பட்ட வீடு, தோண்டிய பள்ளம், எழும்பும் தூண்கள், திறக்காமலே மூடிக்கிடக்கும் கடை என்று தொடர்ச்சியாகப் பார்ப்பது தினமும் போகிறவர் மட்டும்தான். ஞாயிறு விடியலில் இதில் பாதி தூங்கிக்கொண்டிருக்கும்.

வழிகாட்டும் செயலியைப் பற்றி ஒரு வார்த்தை. கிளம்பும் முன் வரைபடத்தைப் பாருங்கள், பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் உரிமம் பெற, நகரின் மையமாகக் கொள்ளப்படும் சேரிங் கிராஸ் சந்திப்பிலிருந்து 6 மைல் தூரத்துக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனதில் ஏற்ற வேண்டும். பலரும் ஸ்கூட்டரில் அலைந்தே அதைப் படிக்கிறார்கள், வருடக்கணக்கில் ஆகிறது. மூளை ஆய்வாளர் எலினார் மக்வயர் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஓட்டுநர்களின் மூளையில் இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வந்தால், போய்ச் சேருவோமே தவிர எப்படிப் போனோம் என்று தெரியாது. போன தெருக்களுக்கு வண்ணம் தீட்டிக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. எனக்குப் பிடிக்காது. கொஞ்ச நாளில் வண்ணம் தீட்டுவதற்காகவே தெருவுக்குள் நுழைய ஆரம்பித்துவிடுவோம்.

உள்தெரு என்றாலே பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே போங்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. லாரி எந்தப் பக்கம் திரும்பப் போகிறதோ அந்தப் பக்கமாக நுழையவே நுழையாதீர்கள். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்குறுக்காகக் கடந்து செல்லுங்கள்.

கியர் சைக்கிள் இப்போதைக்கு வேண்டாம். ஊர் ரொம்ப மேடாக இருந்து, மிதிக்க முடியவில்லை என்று ஆனால் அப்போது யோசிக்கலாம். ஹேண்டில்பார் மட்டும் உயரமாக இருக்கட்டும், குனிந்து ஓட்டினால் தார்ச்சாலையைத்தான் பார்ப்பீர்கள். காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் முன்விளக்கு, பின்விளக்கு, கொஞ்சம் அகலமான டயர், அப்புறம் நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். பூட்டு சரியில்லாதவர்கள் எங்கேயும் இறங்கி உள்ளே போய்ப் பார்ப்பதில்லை.