முனைவர் பட்டம் படிக்கும்போதே கூடுதல் சான்றிதழ் பெறுவது என்றால் என்ன? அது எதற்கு?

ஆராய்ச்சிப் படிப்பில் இருந்துகொண்டே புள்ளியியல், கற்பித்தல் முறை, தரவு அறிவியல் மாதிரி ஏதாவது ஒன்றில் சில பாடங்களை முடித்துத் தனிச் சான்றிதழ் வாங்குவதுதான் இது. இன்னொரு பட்டம் அல்ல, துணைக்கு வருவது.

முனைவர் பட்டம் ஒரே கேள்வியை ஆழமாகத் தோண்டும் வேலை. அந்த வழியில் நீங்கள் தரவுகளை அலசவும் நிரல் எழுதவும் கற்றிருப்பீர்கள். ஆனால் வேலைக்கு எடுப்பவர் 200 பக்க ஆய்வேட்டைப் புரட்டி அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. சான்றிதழ் ஒரே வரியில் சொல்லிவிடும். கிணறு வெட்டியாயிற்று, தண்ணீர் இறைக்க வாளியும் கயிறும் வேண்டுமே, அந்த மாதிரி.

சரி, எப்போது எடுப்பது? பாடங்கள் படிக்கும் தொடக்க ஆண்டுகளில். சில பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கு எடுத்த பாடமே சான்றிதழுக்கும் கணக்காகும். சேருமுன் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டில் தொடங்கினால், பெரும்பாலும் அது அத்தியாயம் எழுதாமல் தப்பிக்க ஒரு சாக்கு.

சான்றிதழ்கள் சேர்ந்தால் ஆய்வேடு எளிதில் தேறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, தேர்வாளர்கள் மதிப்பிடுவது ஆய்வை மட்டும்தான்.