கேள்வி கேட்டதும் எல்லோரும் குனிந்துகொள்கிறார்களா?

கேள்வி: எங்கள் தன்னார்வலர் குழுவில் மாதம் ஒருமுறை கலந்துரையாடல் நடத்துகிறேன். பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம். பத்துக் கேள்விகள் எழுதிக்கொண்டு போகிறேன். "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் குனிந்துகொள்கிறார்கள். கடைசியில் வழக்கமான இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். கேள்விகளை எப்படித் தயாரிப்பது?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 12 பேரும் ஒரு கேள்விக்கு ஆளுக்கு ஒரு நிமிடம் பேசினால் 12 நிமிடம். பத்துக் கேள்விக்கு இரண்டு மணி நேரம். உங்களிடம் இருப்பது ஒரு மணி. ஆக, பாதிப் பேராவது பேசாமல் இருந்தால்தான் உங்கள் பட்டியல் முடியும். அவர்கள் உங்களுக்கு ஒத்துழைக்கத்தான் செய்கிறார்கள்! நான்கு கேள்வி போதும்.

எந்த நான்கு? கூட்டம் முடியும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். புதிதாகச் சேர்பவர்கள் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள் என்பது உங்கள் பேச்சுப்பொருள் என்று வைத்துக்கொள்வோம். "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்பது கருத்தைக் கேட்கிறது. கருத்து அந்த நொடியில் தயாராக இருக்காது; சொன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயமும் உண்டு. நடந்ததைச் சொல்ல அந்தத் தயக்கம் குறைவு. "நீங்கள் சேர்ந்த முதல் மாதத்தில், இனி வர வேண்டாம் என்று தோன்றிய நாள் உண்டா? அன்று என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியே கூடாது என்பார்கள். அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. கையைத் தூக்க வைக்கும் ஒரு சின்னக் கேள்வி, வாயைத் திறப்பதற்கு நல்ல ஆரம்பம்.

பண்பாட்டு விவகாரங்களுக்கான நிறுவனம் (ஐ.சி.ஏ.) பரப்பிய ஒரு முறையில் இதற்கு நான்கு படிகள் உண்டு: என்ன நடந்தது, அது மனதில் என்ன செய்தது, அதற்கு என்ன அர்த்தம், இனி என்ன செய்வது. படிக்கு ஒரு கேள்வி. பெரும்பாலான கூட்டங்கள் மூன்றாவது படியில் காலை வைத்துத்தான் தடுக்கி விழுகின்றன. உங்கள் "என்ன நினைக்கிறீர்கள்?" அந்தப் படிதான். முதல் இரண்டும் முடிந்தபின் அதையே கேளுங்கள், பேசுவார்கள்.

அடுத்தது சொற்கள். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் என்ற உளவியல் ஆய்வாளர்கள் கார் விபத்துக் காட்சிகளைச் சிலருக்குக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வியில் 'இடித்தபோது' என்ற அளவிலான சொல் இருந்தபோது, பதில்களின் சராசரி மணிக்கு 34 மைல். 'நொறுங்க மோதியபோது' என்பது போன்ற சொல் வந்தபோது சுமார் 41. காட்சி ஒன்றுதான், வினைச்சொல் மட்டுமே வேறு.

தமிழில் இந்த வேலையைச் சின்ன ஒட்டுகளே செய்துவிடும். "நேரம் மாற்றினால் நல்லதுதானே?" என்பதில் அந்தத் 'தானே' பதிலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது. 'அல்லவா'வும் 'லாமே'யும் அப்படித்தான். "ஒரு தடவைகூட வரவில்லையா?" என்பதில் உள்ள 'கூட' குற்றப்பத்திரிகை. 'ஏன்' என்பதிலும் கவனம் வேண்டும். "ஏன் வரவில்லை?" என்றால் சமாதானம்தான் வரும். "வர முடியாமல் போன நாள்களில் குறுக்கே வந்தது என்ன?" என்றால் காரணம் வரும். ஒரு வாக்கியத்தில் இரண்டு விஷயம் கேட்காதீர்கள். சுலபமானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

எழுதியதைச் சோதிக்க, நீங்களே வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு பதில்தான் வருகிறது, அதுவும் நீங்கள் எதிர்பார்ப்பதே என்றால் அது கேள்வியே அல்ல, அறிவிப்பு. அறிவித்துவிட்டுப் போங்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா? கேள்வி பெரிதாகிவிட்டது.

சரி, கேட்டாகிவிட்டது. இப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தானாக முன்வந்து பேசியவர்களும் கூடினார்கள். நானும் இதில் தேறாதவனாக இருந்தவன்தான். ஒருமுறை, அமைதி தாங்காமல் ஒரே கேள்வியை மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டேன். முன்வரிசைப் பெண்மணி நிதானமாகக் கேட்டார்: "சார், இதில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்?" அன்றிலிருந்து கேட்டதும் மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறேன்.

அந்த இரண்டு பேர் விஷயத்தைக் கேள்வியால் மட்டும் தீர்க்க முடியாது. முதல் கேள்விக்கு இரண்டு நிமிடம் தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொல்லுங்கள், அப்புறம்தான் பொதுவில். துணைக் கேள்விகளை எழுதிக்கொண்டு போக வேண்டாம். "அப்புறம் என்ன ஆனது?", "யாருக்காவது வேறு மாதிரி நடந்ததா?" இரண்டும் போதும்.

நான்கு கேள்விகளுக்கும் எதிரே நிமிடக் கணக்கை எழுதிவையுங்கள். இரண்டாவது நன்றாக ஓடினால் மூன்றாவதைச் சுருக்கிக்கொள்ளலாம். நான்காவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதையும் "என்ன செய்யலாம்?" என்று விடாமல், "அடுத்த கூட்டத்துக்குள் எதை மாற்றிப் பார்க்கலாம், அதைத் தொடங்கப்போவது யார்?" என்று கேளுங்கள். இரண்டு விஷயம் கேட்கக் கூடாது என்றேனே? இந்த ஓரிடத்தில் கேட்கலாம்.